அழுங்குக்கு எந்த வரிசை?

இந்தக் கதையை எனக்குச் சொன்னது ஒரு குளத்து ஆமை. பல வருடங்களாக இதை நான் நம்பவில்லை. ஒரு காடு முழுக்க இவ்வளவு மூடத்தனம் இருக்குமா என்று நினைத்தேன். இப்போது அந்தச் சந்தேகம் இல்லை.

ஒரு கடும் கோடை. காட்டில் ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் இருந்தது. நரி அங்கே ஒரு சட்டம் போட்டது. ரோமம் உள்ளவை காலையில் குடிக்க வேண்டும். இறகு உள்ளவை மதியம். செதில் உள்ளவை மாலை. "உடம்பைப் பார்த்தாலே இனம் தெரிந்துவிடும். சண்டையே வராது!" என்றது நரி. எல்லா மிருகங்களும் தலையாட்டின.

ஒரு நாள் காலை, ஓர் அழுங்கு வந்தது. எறும்பு தின்று பிழைக்கும் சாதுவான பிராணி. முதுகெல்லாம் செதில். வால்மேல் குட்டி தொற்றிக்கொண்டிருந்தது.

"நில்! செதிலை வைத்துக்கொண்டு காலையில் வருகிறாயே, வெட்கமில்லையா?" என்றது நரி.

"அண்ணே, குட்டிக்குப் பால் வற்றிவிட்டது. நாலு வாய் குடித்தால் ஊறும்."

"மாலையில் வா, போ!"

மாலையில் உடும்பு வழிமறித்தது. அழுங்கு அதனிடமும் பால் வற்றியதைச் சொன்னது. "பாலா? எங்கள் கூட்டத்தில் யாரம்மா பால் கொடுக்கிறார்கள்? நீ முட்டை இடுவாயா?"

"இல்லை."

"அப்புறம் இங்கே என்ன வேலை? காலை வரிசைக்குப் போ!"

மறுநாள் காலை அழுங்கு கெஞ்சியது. "நான் பால் கொடுப்பவள் அண்ணே. வயிற்றைப் பாருங்கள், ரோமம்கூட இருக்கிறது."

கரடி குனிந்து பார்த்தது. "இந்த நாலு மயிரெல்லாம் ரோமத்தில் சேருமா?"

"பாலைக் காட்டு!" என்றது நரி.

"தண்ணீர் குடித்தால்தானே பால் வரும்?"

"பால் வந்தால்தானே தண்ணீர்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நரிக்குத் தன் புத்தியை நினைத்துப் பெருமை தாங்கவில்லை.

குட்டி வாலிலிருந்து நழுவி விழுந்தது. அழுங்கு அதை மறுபடி ஏற்றிக்கொண்டு காய்ந்த ஓடைக்குப் போனது. புற்றைப் பிளக்கும் நகங்களால் மணலைத் தோண்டியது. உச்சி வெயிலில் ஊற்று கண் திறந்தது. பொழுது சாயும்போது பாலும் சுரந்தது. குட்டி பிழைத்தது.

பத்தே நாளில் குளம் வற்றியது. நரி ஓடைக்கு ஓடிவந்தது. பின்னாலேயே உடும்பும் கரடியும் வந்தன.

"தங்கச்சி! பால் கொடுப்பவள் நீ. எங்கள் ரத்தமல்லவா!"

"தள்ளுடா! செதிலைப் பார். இவள் எங்கள் வீட்டுப் பெண்!" என்றது உடும்பு.

"வயிற்றில் அவ்வளவு ரோமம் இருக்கிறதே, தெரியவில்லையா?" என்று கரடி உறுமியது.

தள்ளுமுள்ளில் குழி சரிந்தது. ஊற்றை மணல் மூடியது. அழுங்கு குட்டியோடு வேறு ஓடையைத் தேடிப் போய்விட்டது. வாதம் மட்டும் நிற்கவில்லை. தோண்டத் தெரிந்த கரடிகூடத் தோண்டவில்லை. வாதத்தின் நடுவே குனிந்தால் தோற்றதாகிவிடுமாம்!

"தாகத்தோடு வந்தவரின் உடம்பைப் பார்த்து இனம் பிரிப்பவர்கள், தங்கள் தாகத்துக்கும் வழியை அடைத்துக்கொள்கிறார்கள்" என்று ஆமை நீதியையும் சொல்லி முடித்தது. வெகுநாள் யோசித்துவிட்டு, கடைசியில் நான் அதனிடம் கேட்டேன்:

"குட்டி விழுந்தபோது நீ அந்தக் குளத்துக்குள்தானே இருந்தாய், ஏன் வாயைத் திறக்கவில்லை?"