தொட்டிக்கு இளசாக ஒரு கல்

குடவாசல் பக்கத்தில் கல்யாணம் என்றால் சமையலுக்கு வைரக்கண்ணுவைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அவருடைய ஆட்களான கலியன், தைலப்பன், சோமு மூவருக்கும் ஆண்டவன் கொடுத்த புத்தி முழுவதும் நாக்கிலேயே தங்கிவிட்டது. அதற்கு மேலே ஏறவில்லை. சாம்பார் நன்றாக இருந்ததால் ஊரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வைரக்கண்ணுவுக்கு ஒரே மகள், இலக்கியா. திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். போன வருஷம் அவள் ஆசையாக வளர்த்த சேவலுக்குச் சளி பிடித்தது. "கொஞ்சம் மிளகும் இஞ்சியும் குடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் காலேஜுக்குப் போனாள். கொடுத்தார். வெறும் மிளகும் இஞ்சியும் எடுப்பாக இருக்காதே என்று பூண்டு சேர்த்தார். பூண்டு சேர்த்த பிறகு சின்ன வெங்காயம் சேர்க்காமல் எப்படி? இப்படியே கை போய்க்கொண்டிருந்தது. கொத்தமல்லி தூவும்போதுதான் அவருக்கே விஷயம் புரிந்தது. அன்றோடு மகள் அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

இந்த முறை வந்தவள் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே நீல நிறத்தில் ஒரு ஃபைட்டர் மீன். பெயர் துரை. முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"சின்னதா ஒரு தொட்டி வாங்கி, செடியும் கல்லும் வச்சு இவன அதுல விடணும். அடுத்த ஞாயித்துக்கிழமை வருவேன். துரை உயிரோட இருந்தா பேசுவேன். இல்லன்னா லீவுக்கும் ஹாஸ்டல்லயே இருந்துக்குவேன்."

மகள் பேசாத வீட்டில் வைரக்கண்ணுவுக்குச் சோறு இறங்கி எத்தனையோ நாளாகிறது. அவள் தெருமுனை தாண்டியதும் அஞ்சறைப் பெட்டியை எடுத்துக்கொண்டுபோய் எதிர்வீட்டில் ஒப்படைத்தார். தன் கையை அவர் நம்பவில்லை.

நால்வரும் கும்பகோணத்தில் ஒரு வண்ணமீன் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ரியாஸ் தங்கமான மனிதர். கற்கள் இருந்த தட்டைக் காட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார். வைரக்கண்ணு ஒவ்வொரு கல்லையும் காதருகே வைத்துத் தேங்காய் மாதிரி ஆட்டிப் பார்த்தார். சோமு சுரைக்காய்க்கு வைப்பதுபோல நகத்தை வைத்து அழுத்தி, நகத்தை உடைத்துக்கொண்டான்.

"இது இன்னைக்கு வந்ததா, நேத்து மிச்சமா?" என்று கேட்டான் தைலப்பன்.

"ஆத்துக்கல்லுண்ணே. வீட்டுக்குப் போனதும் நல்லா கொதிக்க வச்சு எடுத்துருங்க. அப்புறம் செடி. புதுத் தண்ணியில கொஞ்சம் கரையும். பயந்துராதீங்க, பாதி போனாலும் திரும்பத் துளிர்க்கும்."

பாதி போகும் என்றதும் வைரக்கண்ணு சிரித்துக்கொண்டார். கூடை நிறைய முளைக்கீரை வெந்தால் எத்தனை கரண்டி தேறும் என்று அவருக்கா தெரியாது?

"சாக்குல கட்டுங்க தம்பி."

"அண்ணே, தொட்டியே செருப்புப் பெட்டி அளவுதான்."

"கட்டுங்க. சுண்டினப்புறம் பத்தலைன்னா பந்தியில யாரு பதில் சொல்றது?"

வீட்டுக் கொல்லையில் அடுப்பு மூட்டி ஆற்றுக்கல்லை அண்டாவில் போட்டார்கள். காலையில் ஏற்றியது, வெயில் சாய்ந்தும் கொதித்துக்கொண்டிருந்தது. கலியன் கரண்டிக் காம்பால் குத்திப் பார்த்தான்.

"என்னடா, பதம் வந்துச்சா?"

"நடுவுல இன்னும் கெட்டியா இருக்குண்ணே."

"உப்புப் போட்டியா?"

"போடல. முன்னாடியே உப்புப் போட்டா பருப்பு வேகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஒரு சிட்டிகை சோடா உப்பு?" என்றான் சோமு.

"அது வயித்துக்கு ஆகாது. துரை சின்ன உசுரு" என்றார் வைரக்கண்ணு. பிறகு கல்லை இடுக்கியால் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "முத்தின கல்லுடா. நம்மள ஏமாத்திட்டான்."

மறுநாள் கடையில் போய், "இளசா ஒரு கல்லு குடுங்க தம்பி. அது வேகல" என்றார்.

ரியாஸ் விளக்கிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். கடையில் வேறு ஆட்களும் நின்றார்கள். இருப்பதிலேயே லேசான கல்லை எடுத்துக் கொடுத்தார். எரிமலையிலிருந்து வந்ததாம். உடம்பெல்லாம் ஓட்டை, ஆப்பம் மாதிரி.

அதைக் கொதிநீரில் போட்டதும் குபுக்கென்று மேலே வந்து மிதந்தது. பணியாரமோ வடையோ, மேலே வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். கலியன் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இத்தனை சீக்கிரம் வெந்த கல்லை அவன் பார்த்ததே இல்லை.

பிறகு தொட்டி. சாக்கிலிருந்த செடி முழுவதையும் அதில் திணித்து, கையால் அழுத்தி, தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீருக்கு இடம் இல்லை. ரெண்டு டம்ளருக்கு மேல் உள்ளே போகவில்லை. வெந்த கல்லை உச்சியில் வைத்துவிட்டு, செடி சுண்டுவதற்காகக் காத்திருந்தார்கள். அடி பிடித்துவிடக் கூடாது என்று தைலப்பன் அடிக்கடி கிளறிவிட்டான்.

அதுவரை துரை பாட்டிலில் திரும்பக்கூட இடமில்லாமல் கிடப்பதைப் பார்க்க வைரக்கண்ணுவுக்கு மனசு கேட்கவில்லை. ஆறிப்போன அண்டாவைக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி, அதில் விட்டார். அண்டா இருக்க வேண்டிய இடம் அடுப்பு என்பதால் அடுப்பிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. செடி சுண்டவில்லை. இலக்கியா தோளில் பையோடு உள்ளே வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். கீரைக் கட்டுமேல் ஒரு கல். பாட்டிலைப் பார்த்தாள். காலி.

"துரை எங்கப்பா?"

வைரக்கண்ணு அடுப்பைக் காட்டினார். அவள் முகம் வெளுத்துப் போயிற்று.

"பயப்படாதம்மா, பத்த வைக்கல. கைப்பழக்கத்துல பத்த வச்சிருவோமோன்னுதான் மாத்தி மாத்திக் காவல் இருக்கோம்."

அப்போதுதான் அவள் கவனித்தாள். விறகு வைக்கிற வாயை முதுகால் அடைத்துக்கொண்டு கலியன் சம்மணம் போட்டிருந்தான். எட்டிப் பார்த்தாள். ஐநூறு பேர் சாம்பார் கொள்ளும் அண்டாவில் துரை தன்னந்தனியாக, ஜமீன்தார் மாதிரி உலா வந்துகொண்டிருந்தது. இலக்கியாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

அவளே தொட்டியைக் காலி செய்தாள். அகலமான இலை உள்ள ஒரே ஒரு செடியை எடுத்து, வேகவில்லை என்று மூலையில் எறிந்திருந்த ஆற்றுக்கல்லில் நூலால் கட்டி, அடியில் வைத்தாள். தண்ணீர் நிரப்பித் துரையை விட்டாள். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வந்த களைப்போ என்னவோ, இலைமேல் போய்ச் சாய்ந்துகொண்டது.

வைரக்கண்ணு சட்டென்று எழுந்தார். "டேய், இலையில உக்காந்துட்டான். ஆளக் காக்க வைக்காதீங்க."

மூவரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். மீன் தீனியைத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்து, வலது பக்கமாக நின்று, வைரக்கண்ணு ஒரு சிட்டிகை பரிமாறினார். துரை சாப்பிட்டது. இன்னொரு சிட்டிகை வேண்டுமா என்று குனிந்து கேட்டார். பிறகு எல்லாரும் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். விருந்தாளி இலையை மடிக்காமல் பரிமாறினவர்கள் இடத்தை விட்டு நகர்வது மரியாதை இல்லை.

வெகுநேரம் போயிற்று. துரை மடிக்கவில்லை.

"அண்ணே, கால் மரத்துப் போச்சு. எந்திரிச்சுக்கட்டுமா?" என்றான் சோமு.

தோள் பையைக்கூட இறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இலக்கியா அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"பேசாம உக்காருங்க சித்தப்பா. எந்தப் பக்கமா மடிக்கிறான்னு பாக்கணும். அவன் பக்கமா மடிச்சா பரவாயில்ல. அந்தாண்ட மடிச்சிட்டான்னா, எங்கப்பா சமையல் சரியில்லன்னு ஊரெல்லாம் சொல்லிருவான்."