குடல் தடவும் கை

செல்லக்கண்ணுவுக்கு அன்று வந்த கோபம், பஸ் கண்டக்டராக இருந்த முப்பது வருஷத்தில் ஒருநாளும் வந்ததில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, தன்னைவிடப் பத்து வயது இளையவரான தவசி ஆசானிடம் வயிறு தடவும் வைத்தியம் கற்க வந்தவர் அவர். ஆறு வருஷம் எண்ணெய் காய்ச்சினார். பாயைத் தட்டிப் போட்டார். ஓரமாக நின்று பார்த்தார். அன்று காலையில்தான் ஆசான் வாய் திறந்து, "இன்னைக்கு நீங்க கை வைங்க அண்ணாச்சி" என்று சொன்னார்.

முதலில் வந்தவன் ரெஜின், லாரியில் ரப்பர் மரத்தடி ஏற்றுகிறவன். கூடவே அவன் பெண்டாட்டி பிரமிளா.

"நேத்து பெரிய தடி ஒண்ணைத் தூக்கினாரு. அதுல இருந்து வயித்துவலி. குடலேத்தம்தான். தடவி எறக்கி விடுங்க," என்றாள்.

ரெஜின் பாயில் மல்லாந்து படுத்தான். செல்லக்கண்ணு தொப்புளுக்கு வலப்பக்கம் நாலு விரலை வைத்து மெல்ல அழுத்தினார்.

"வலிக்குதாடே?"

"கொஞ்சம்போல."

கையை எடுத்து எண்ணெய்க் கிண்ணத்துக்குத் திரும்பினார். மறுபடியும் அழுத்தினார்.

"இப்போ?"

"தாங்கிக்கிடலாம்."

மறுபடியும் எண்ணெய்க்குத் திரும்பினார். மூன்றாம் முறை கேட்டபோதும் அதே பதில்தான். சரி, இனி நன்றாக ஊன்றித் தடவலாம் என்று இரண்டு கையையும் கொண்டுபோனார்.

ஆசான் பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"தொடாதீங்க! ஏ பிரமிளா, ஆட்டோவைக் கூப்பிடு. நேரா ஆஸ்பத்திரி. வழியில யாரையும் வயித்தைத் தடவ விடாதே."

"கைராசிக்காரருன்னு சொன்னாங்க. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று பொரிந்துகொண்டே அவள் புருஷனைக் கூட்டிக்கொண்டு போனாள். காத்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். செல்லக்கண்ணுவுக்கு மானம் போயிற்று.

ஆட்டோ கிளம்பியதும் வெடித்தார்.

"நாலு பேரு முன்னால கையைப் பிடிப்பீரா? நான் என்ன திருட்டுப்பயலா? எண்ணெய் காய்ச்சத்தான் நான் லாயக்குன்னா, அதை ஆறு வருஷம் முந்தியே சொல்லியிருக்கணும்!"

ஆசான் அடுத்த ஆளைப் படுக்கச் சொன்னார். அதுதான் செல்லக்கண்ணுவுக்கு இன்னும் எரிச்சல். சாயங்காலம் வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று முடிவு கட்டிச் செருப்பை மாட்டினார்.

ஆசானின் போன் அடித்தது. பிரமிளா அழுதுகொண்டே பேசியது செல்லக்கண்ணுவுக்கும் கேட்டது.

"குடல்வால் பழுத்துப் போச்சாம் ஆசானே. இப்பதான் ஆப்பரேஷன் முடிஞ்சுது. பொழைச்சிட்டாரு. அமுக்கித் தடவியிருந்தா உள்ளேயே வெடிச்சிருக்கும்னு டாக்டர் சொன்னாரு."

செல்லக்கண்ணு மாட்டிய செருப்பைக் கழற்றினார். ஆனாலும் கோபம் தணியவில்லை. அது யார் மேல் என்றுதான் அவருக்கே விளங்கவில்லை.

"நீங்க அவனைத் தொடவேயில்லை. எப்படித் தெரிஞ்சுது? நான் அழுத்தி அழுத்தி மூணு மட்டம் கேட்டேன். தாங்கிக்கிடலாம்னுதானே சொன்னான், பாவிப்பய!"

ஆசானுக்கு அப்போதுதான் குரல் உயர்ந்தது.

"அழுத்தையில கேட்டீங்க அண்ணாச்சி. கையை எடுத்தப்பல்லாம் அவன் துடிச்சானே, ஒரு மட்டமாவது அவன் மூஞ்சியைப் பாத்தீங்களா?"