அடுத்த மாதத்து டிக்

தூத்துக்குடி சித்திரைவேல் அண்ணாச்சிக்கு வயது ஐம்பத்தாறு. அவருடைய குருவுக்கு முப்பத்தொன்பது. பெயர் ரெஜினா, ஏற்றுமதிக்காரர்களுக்குச் சுங்கத்துறை வேலைகளை முடித்துக்கொடுக்கிற ஏஜென்ட். "வயசு கெடக்கு, தொழில்ல எனக்கு அவங்கதான் குரு" என்று கல்யாணப் பந்தியில்கூடச் சொல்லுவார். அந்த அம்மா கூச்சப்பட்டு இலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அண்ணாச்சி செய்வது உலர்பூ ஏற்றுமதி. காய்ந்த தாமரைக்காய், பருத்திக்காய், புல் எல்லாவற்றுக்கும் சாயமேற்றி வெளிநாட்டுக்கு அனுப்புவார். அறுபது பெண்கள் அவரிடம் வேலை பார்க்கிறார்கள். தொட்டால் உதிர்கிற சரக்கு. துறைமுகத்தில் சோதனைக்குப் பெட்டியைத் திறந்து மூடினால் பாதி தூள்தான். போன வருஷம் இரண்டு முறை அப்படி ஆனது. சரக்கு வாங்குகிற ஹாலந்து பார்ட்டி கறாராகச் சொல்லிவிட்டார்: நம்பகமான ஏற்றுமதியாளர் என்று சுங்கத்துறை ஒரு சான்றிதழ் கொடுக்கும், அது இருந்தால் பெட்டியைத் திறப்பது குறையும், மார்ச்சுக்குள் அதை வாங்கு, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்க்கிறேன். அந்தப் பார்ட்டி போனால் அறுபது பேருக்கும் வேலை இல்லை.

அண்ணாச்சி சான்றிதழுக்கு மனுப் போட்டார். அதிகாரிகள் நேரில் வந்து பார்க்க இரண்டு வாரம் இருந்தது. குருவைக் குடோனுக்குக் கூப்பிட்டார்.

"மேடம், ஃபைல் எல்லாம் பக்கா. இன்னும் என்ன செஞ்சா அவுக என்னை நம்புவாக?"

ரெஜினா ஃபைலைப் புரட்டினார். காலி கன்டெய்னரில் சரக்கு ஏற்றும் முன் ஏழு இடம் பார்க்கவேண்டும். முன்சுவர், இரண்டு பக்கச் சுவர், தரை, கூரை, கதவு, அடிப்பாகம். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒரு தாள், ஏழு டிக், ஒரு கையெழுத்து. அண்ணாச்சியின் தாள்களில் ஒரு டிக்கூடக் கோணவில்லை.

"இது அடுத்த மாசத் தேதில்லா, அண்ணாச்சி?"

"ஆமா மேடம். வண்டி வந்து நின்னா டிரைவர் ஹாரன் அடிச்சே உசிர வாங்குதான். அதான் மொத்தமா உக்காந்து போட்டு வச்சிட்டேன். ஒரு வேலை முடிஞ்சுதுல்லா!"

மனுஷர் எவ்வளவு பெருமையாகச் சொன்னார் என்கிறீர்கள்!

"இன்னைக்கு வண்டி வந்துட்டா?"

"இப்பதான் வந்துச்சு. வாசல்ல நிக்கு. சாயங்காலத்துக்குள்ள ஏத்தி அனுப்பலன்னா கப்பல் போயிரும்."

"வாங்க, பாப்போம்."

இரண்டு பேரும் காலி கன்டெய்னருக்குள் ஏறினார்கள். லோடு ஏற்றுவதைக் கவனிக்கிற பேச்சித்தாய் வெளியே நின்றாள்.

"பேச்சிக்கா, கதவைச் சாத்துங்க" என்றார் ரெஜினா.

"உள்ள ஆள வச்சிட்டா? ஆத்தீ!"

"சும்மா சாத்துங்கக்கா."

கதவு மூடிக்கொண்டது. உள்ளே கும்மிருட்டு, அடுப்புக்குள் நிற்கிற சூடு. அண்ணாச்சி வேட்டியால் முகத்தைத் துடைத்தார். தரையில் மிளகு அளவுக்கு ஒரு வெளிச்சம் விழுந்திருந்தது. அவர் மெதுவாக அண்ணாந்து பார்த்தார்.

"மேடம். கூரைல ஓட்டை."

"தாள்ல என்ன போட்டிருக்கு?"

"நல்லா இருக்குன்னு போட்டிருக்கு."

"எப்ப போட்டீங்க?"

"போன வாரம்."

பேச்சித்தாய் கதவைத் திறந்தாள். அண்ணாச்சி இறங்கினார். இருபது நாள் கடல் பயணம். ஒரு மழை போதும், உள்ளே எல்லாம் பூஞ்சை பிடித்துவிடும்.

"வண்டியத் திருப்பி அனுப்புளா, பேச்சி. வேற கேட்டு வாங்கு" என்றார்.

"கப்பல், அண்ணாச்சி?"

"போனா போட்டும்."

பிறகு ஃபைலை எடுத்தார். அடுத்த மாதத் தாள்கள் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டார். அன்றைய தாளில் கை நின்றது.

"இதையும் கிழிச்சிட்டா யாருக்கும் தெரியாதுல்லா, மேடம்?"

"தெரியாது."

"வச்சிருந்தா சர்டிஃபிகேட் கெடைக்காமப் போயிருமோ?"

"போனாலும் போகும்."

அவர் முற்றத்தில் தாமரைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். கடைசியில் கூரைக்கு நேரே இருந்த டிக்கை அடித்து, கீழே எழுதினார்: 'கூரையில் ஓட்டை. பார்க்காமலே டிக் போட்டது என் தப்பு. கன்டெய்னரைத் திருப்பி அனுப்பினேன்.' கையெழுத்தும் போட்டார்.

ஹாலந்து பார்ட்டிக்கு போனில் நடந்ததை அப்படியே சொன்னார். அவர் திட்டித் தீர்த்தார். ஆனாலும் அடுத்த கப்பலுக்குக் காத்திருந்தார்.

அதிகாரிகள் வந்தார்கள். தடியான ஃபைலில் அந்த ஒரு பக்கத்தில் மூத்த அதிகாரி ரொம்ப நேரம் நின்றார்.

அதிகாரி பேச்சித்தாயைக் கூப்பிட்டார். "முதலாளி பாக்காம ஏத்துன்னு சொன்னா ஏத்துவீங்களாம்மா?"

"முன்னால ஏத்திருக்கோம் சார்" என்றாள் அவள். அண்ணாச்சிக்கு உயிரே போய்விட்டது. "இப்ப ஏத்துனா இவரே வைவாரு. ஒவ்வொரு வண்டிலயும் கதவைச் சாத்திட்டு இருட்டுக்குள்ள போயி நின்னுட்டு, வெளிய வரமாட்டேங்காரு சார்."

அதிகாரி சிரித்தேவிட்டார்.

மார்ச் முடிய நான்கு நாள் இருக்கும்போது சான்றிதழ் வந்தது. அண்ணாச்சி முதலில் பேச்சித்தாயைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் பதறிப்போய்ச் சாயவாளியைத் தட்டிவிட்டாள். அப்புறம் ஒரு தட்டு நிறையப் பழத்தோடு ரெஜினாவின் ஆபீசுக்குப் போனார். படியேறும்போதே அழுகை வந்துவிட்டது.

"அறுபது வீட்டுல உலை கொதிக்கி மேடம். அது உங்களால. இந்த நன்றிய நான் எப்படிச் சொல்ல?"

"உக்காருங்க அண்ணாச்சி. முதல்ல தண்ணி குடிங்க."

குடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, இத்தனை நாளாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த வண்டில ஓட்டை இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி" என்றார் ரெஜினா. "அதான் கதவைச் சாத்தச் சொன்னேன்."