உயிர்ச் சரக்கு ஒன்று

முன்னொரு காலத்தில், நிலத்தை ஆள்கிறவனுக்குக் கடலும் சொந்தம் என்று ராஜாக்கள் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், வச்சிரசேனன் என்றொரு ராஜா இருந்தான். சண்டை இல்லை, பஞ்சம் இல்லை, செய்வதற்கு வேலையும் இல்லை. வேலையில்லாத ராஜாவுக்கு என்ன வரும்? ஆசை வரும்.

அந்த வருஷம் வந்த ஆசை ஒரு படகு. சரக்கு ஏற்றுகிற படகு அல்ல, மீன் பிடிக்கிற படகும் அல்ல. சும்மா உட்கார்ந்து காற்று வாங்குகிற படகு. முகப்பில் மயில் தலை, பாய்க்குப் பட்டுக்கரை, நடுவில் மெத்தை போட்ட மண்டபம். பத்து நாள் சொந்தக் கரையோரமாகவே போய்ப் போய் வந்தான். பதினோராம் நாள் சலித்துவிட்டது.

"நம் கரை பார்த்த கரைதானே? அக்கரைச் சீமையில் மலையிலிருந்து நேரே கடலில் விழும் அருவி ஒன்று உண்டாமே. அதில் நான் குளிக்க வேண்டும்" என்றான் சபையில்.

சபையார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காரணம் இருந்தது. வந்து போகிற படகுகளுக்கு அக்கரைச் சீமை நாற்பது சட்டம் வைத்திருந்தது. எந்தக் கம்பத்தில் எந்தக் கொடி கட்டுவது, எங்கே நங்கூரம் போடுவது என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அதில் ஒன்று மகா பொல்லாதது. கரையில் இறங்குகிறவன் எவனானாலும், தலையில் இருப்பதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மண்ணைத் தொட்டுக் கும்பிட வேண்டும். பிறகுதான் அடுத்த அடி. மீறினால் மீறியவனுக்கு ஒன்றுமில்லை. அவனை ஏற்றி வந்த தண்டலுக்குத்தான் தண்டனை. படகை நடத்தும் தலைவனைத்தான் கடற்கரையில் தண்டல் என்பார்கள். அவன் ஒரு வருஷம் உப்பளத்தில் கிடக்க வேண்டும். அந்த உப்பளத்துக்குப் போய் நல்ல காலோடு திரும்பியவனை யாரும் பார்த்ததில்லை.

"கிரீடத்தைக் கழற்றமாட்டேன். எவன் மண்ணையும் கும்பிடமாட்டேன். அதற்காக அவர்களோடு சண்டையும் கூடாது. ஆனால் அருவியில் குளித்தே ஆக வேண்டும்" என்றான் ராஜா.

ராஜாவின் படகுக்குத் தண்டலாக இருந்த கடம்பன் அன்று மாலையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். வைத்தியர் போய்ப் பார்த்தார். வலி ஒன்றும் இல்லை, பயம்தான்.

மறுநாள் மந்திரி திருமலைக்கொழுந்து எழுந்து நின்றான்.

"மகாராஜா, தண்டலுக்குப் பாய் கட்டத் தெரிய வேண்டியதில்லை. அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். அக்கரையில் பேசத் தெரிந்தால் போதும். பேச்சுக்கு நம் விகடர் உத்தண்டியை விடத் தகுந்தவர் யார்? அவரையே தண்டலாக நியமித்தருள வேண்டும்."

உத்தண்டி அறுபதைத் தாண்டியவன். எழுத்து வாசனை இல்லாதவன். யார் எதைச் சொன்னாலும் நம்பாதவன். மந்திரி ஒரு மணி நேரம் யோசனை சொல்லி முடித்ததும் ராஜா, "அது கிடக்கட்டும், உத்தண்டி என்ன சொல்கிறான்?" என்று கேட்பது வழக்கம். எட்டு வருஷமாக மந்திரியின் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது அதுதான்.

"நல்ல யோசனை! உத்தண்டி, சம்மதமா?"

உத்தண்டிக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் அவன் கடலில் இறங்கியதே இல்லை. மந்திரியின் மீசைக்குக் கீழே ஓடிய சிரிப்பை அவன் பார்த்துவிட்டான். மாட்டேன் என்றால் ராஜாவின் ஆணையை மீறியவன். சரி என்றால் உப்பளம்.

"சம்மதம், மகாராஜா. ஒரே ஒரு விண்ணப்பம். படகு போய்த் திரும்பும்வரை படகில் இருக்கும் எல்லோரும் தண்டல் சொல்வதைக் கேட்க வேண்டும். மந்திரியாரும் உடன் வர வேண்டும். யோசனை சொன்னவர் பக்கத்தில் இருந்தால் எனக்கும் தைரியமாக இருக்கும்."

"அப்படியே ஆகட்டும்!"

மந்திரியின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆனாலும், இவனை விலங்கு மாட்டி இழுத்துப் போவதை நேரிலேயே பார்க்கலாமே என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

படகு கிளம்பியது. இரண்டு நாளும் உத்தண்டி பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. தின்பது, தூங்குவது எல்லாம் அங்கேயே.

"என்ன தண்டலய்யா, மரத்துக்குத் தாலி கட்டிட்டீங்களா?" என்றான் ஒரு துடுப்புக்காரன்.

"நீ துடுப்பப் புடிச்சிருக்க, நான் மரத்தப் புடிச்சிருக்கேன். அவனவன் புடிக்கிறத புடிச்சாத்தான்யா படகு போகும். பேசாம தள்ளு."

மூன்றாம் நாள் காலையில் அருவி தெரிந்தது. பச்சை மலையிலிருந்து வெள்ளை வேட்டியை உதறிப் போட்டது மாதிரி கடலில் விழுந்துகொண்டிருந்தது. ராஜா மெத்தையை விட்டு எழுந்து உட்கார்ந்தான். சட்டத்தில் சொன்ன இரண்டு கல்தூண்களுக்கு நடுவே, கரையை ஒட்டி நங்கூரம் போட்டார்கள். அந்தச் சீமைக் கொடியைக் கட்டினார்கள். சற்று நேரத்தில் ஒரு தோணி வந்தது. அதில் இரண்டு காவலர்கள், ஒரு ஜோடி விலங்கு, ஓலைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒல்லியாக ஒரு துறை அதிகாரி. வந்து போகிற கடலோடிகளிடம் பழகித் தமிழ் கற்றவன்.

"தண்டல் யார்?" என்று கேட்டபடி படகில் ஏறினான்.

"நாந்தான்."

"எங்கள் சட்டங்கள் தெரியுமா?"

"சொன்னாங்க. சொன்னவங்கள நான் நம்பறதில்ல. நீங்களே முழுசாப் படிங்க, கேக்கறேன்."

அதிகாரி ஓலைக்கட்டைப் பிரித்தான். இருபது வருஷமாக அந்தத் துறையில் இருக்கிறான். வந்த தண்டல் எல்லாம் "தெரியும், தெரியும்" என்று கொட்டாவி விட்டவன்தான். படி என்று கேட்ட முதல் மனிதன் இவன். ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தான். சம்மணம் போட்டு உட்கார்ந்து முதல் ஓலையிலிருந்து ஆரம்பித்தான். ராஜா நெளிந்தான். மந்திரிக்கு நின்றபடியே தூக்கம் வந்து பட்டுத் தலைப்பாகை சரிந்தது. உத்தண்டி மட்டும் ஒரு வரி விடாமல் நாற்பதையும் கேட்டான்.

"அந்த இருபத்திரெண்டாவத இன்னொருக்கப் படிங்க."

"'உயிர்ச் சரக்கு. யானை, குதிரை முதலியவை. நெற்றிப்பட்டம், சேணம் எதையும் கழற்ற வேண்டியதில்லை. மண்ணைக் கும்பிடவும் வேண்டியதில்லை.' குதிரை எப்படிக் கும்பிடும்?" அதிகாரி தானே சிரித்துக்கொண்டான். "'பல் பார்க்க வேண்டும். கயிற்றுத் தொட்டிலில் வைத்துக் கப்பியால் இறக்க வேண்டும். ஏழு நாளில் திருப்பிக்கொண்டு போக வேண்டும்.'"

"யானை, குதிரை மட்டுந்தானா?"

"உயிர் இருந்து, தன் காலால் இறங்காமல், பிறர் தூக்கி இறக்குவது எதுவும் இதில் அடங்கும்."

"அப்ப எழுதிக்கங்க. துடுப்புக்காரர் பதினாறு. சமையல்காரர் ரெண்டு. அந்தா நிக்கிறாரே பட்டுத் தலப்பா, அவரும் துடுப்புக்காரர்தான், புதுசு. ஆகத் துடுப்புக்காரர் பதினேழு. அப்பறம்..." உத்தண்டி மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தான். மெத்தை, வெண்குடை, கிரீடம். "உயிர்ச் சரக்கு ஒண்ணு."

ராஜாவின் முகம் செம்பருத்தியாகிவிட்டது. உத்தண்டி பாய்மரத்தை விட்டு முதல் தடவையாகத் தள்ளாடித் தள்ளாடிப் போய், ராஜாவின் காதோரம் குனிந்தான்.

"மகாராஜா, கிரீடத்தோடு இறங்க அந்த ஓலைக்கட்டில் இந்தச் சட்டம் ஒன்றுதான் இருக்கிறது. தாங்கள் பேசாமல் இருந்தால் அரை நாழிகையில் அருவி. பேசினால் கிரீடம் கைக்கு வந்துவிடும்."

ராஜா அருவியைப் பார்த்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "ஊருக்குப் போனதும் உன்னை வைத்துக்கொள்கிறேன்" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அந்தப் பல்லைத்தான், மகாராஜா, கொஞ்சம் காட்டும்படி இருக்கும்."

அதிகாரி வந்து குனிந்தான். "ஆ காட்டு." ராஜா வாயைத் திறந்தான். "முப்பத்தொன்று. கடைவாயில் ஒன்று சொத்தை. நடுத்தர வயது. முட்டுமா?"

"சாது."

அதையும் எழுதிக்கொண்டான்.

அதற்கு மேல் மந்திரிக்குப் பொறுக்கவில்லை. "அதிகாரியே, ஏமாறாதீர்! இவர் எங்கள் மகாராஜா வச்சிரசேனர்! நான் பிரதான மந்திரி! இந்தத் தண்டல் பொய்யன்! பிடித்து உப்பளத்துக்கு அனுப்பும்!"

எழுத்தாணி நின்றது. காவலர்கள் விலங்கை எடுத்தார்கள். உத்தண்டியின் கால் பழக்கத்தில் பாய்மரத்தைத் தேடியது.

அதிகாரி ராஜாவை மேலும் கீழும் பார்த்தான். கிரீடத்தை அடையாளம் தெரியாத முட்டாள் அல்ல அவன். ஆனால் ராஜா என்று எழுதினால் முப்பது ஓலை எழுத வேண்டும். தலைநகருக்கு ஆள் விட வேண்டும். அங்கேயிருந்து பெரிய மனிதர்கள் வந்து, ஏன் விட்டாய், எப்படி விட்டாய் என்று மூன்று மாதம் உயிரை வாங்குவார்கள். சரக்கு என்றால் ஒரே வரி. அதையும் எழுதியாகிவிட்டது.

"நீ துடுப்புக்காரன் என்றல்லவா இருக்கிறது?" என்றான் மந்திரியிடம்.

"அது அவன் சொன்னது!"

"தண்டல் சொன்னது. முப்பத்தொன்பதாம் சட்டம்: தண்டல் சொல்லே சாட்சி, துடுப்புக்காரன் சொல்லைப் பதியக் கூடாது. கோபம் வந்த துடுப்புக்காரன் எல்லாம் தண்டலை உப்பளத்துக்கு அனுப்பப் பார்க்கிறானே, அதற்காக வைத்தது. இப்போதுதானே படித்தேன், தூங்கினாயா?" என்று கேட்டுவிட்டு உத்தண்டி பக்கம் திரும்பினான். "இவருக்கு என்ன?"

"கடல் மயக்கம்யா. மொதத்தடவ வர்றாரு. நேத்து நம்ம சமையல்காரரப் போயி மகாராணின்னு கூப்பிட்டாரு."

பதினாறு துடுப்புக்காரர்களும் வெடித்துச் சிரித்தார்கள். தாடி வைத்த சமையல்காரர் மேல்துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"மகாராஜா! தாங்களே சொல்லுங்கள்!" என்று கத்தினான் மந்திரி.

எல்லோரும் மண்டபத்தைப் பார்த்தார்கள். ராஜா மந்திரியைப் பார்த்தான், அருவியைப் பார்த்தான். பிறகு தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பி, கொள்ளுப் பையைக் கண்ட குதிரை மாதிரி நீளமாக ஒரு கனைப்புக் கனைத்தான்.

"சரக்கு நல்ல ஆரோக்கியம்" என்றான் அதிகாரி. "மயக்கக்காரரைக் கரையில் இறக்கக் கூடாது. நாற்பதாம் சட்டம். நிழலில் உட்காரவைத்துப் புளிக்கரைசல் கொடுங்கள்."

கயிற்றுத் தொட்டில் வந்தது. கிரீடமும் குடையுமாக ராஜாவை அதில் உட்காரவைத்து, துடுப்புக்காரர்கள் ஏலேலோ போட்டுக் கப்பியை இழுத்தார்கள். ராஜா ஆகாயத்தில் ஏறி, அப்படி ஓர் ஆட்டம் ஆடி, இப்படி ஓர் ஆட்டம் ஆடி, மெல்லக் கரையில் இறங்கினான். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் குலவை போட்டார்கள். தொட்டிலை அவிழ்க்கப் போனபோது ராஜா கையை ஆட்டித் தடுத்தான். விரலால் மேலே காட்டினான். இன்னொரு தடவை ஏற்றி இறக்கச் சொல்கிறான்! ஏற்றி இறக்கினார்கள்.

நான்கு நாள் ராஜா கிரீடத்தோடு அருவியில் குளித்தான். மந்திரி நான்கு நாளும் படகிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே புளிக்கரைசல் குடித்தான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். துடுப்புக்காரன் சொல்லை யார் கேட்கிறார்கள்?

ஊர் திரும்பிய மறுநாள் சபை கூடியது. ராஜாவின் முகத்தில் அருவிக் களை போய், ராஜக் களை வந்திருந்தது. மந்திரி விடிவதற்குள் போய்க் காதில் ஓதியிருந்தான் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நன்றி என்பது ராஜாக்களிடம் ஒரு ராத்திரிக்கு மேல் தங்காது.

"உத்தண்டி, அருவி நன்றாக இருந்தது. அது வேறு. என்னை யானை குதிரையோடு சேர்த்து எழுதியது வேறு. முதல் மாலுமி என்று எழுதியிருக்கலாம், விருந்தாளி என்று எழுதியிருக்கலாம். சரக்கு என்று ஏன் எழுதினாய்? தகுந்த காரணம் சொல். இல்லையென்றால், உப்பளம் நம் நாட்டிலும் இருக்கிறது."

மந்திரி ஓர் அடி முன்னால் வந்து நின்றான், நன்றாகப் பார்ப்பதற்கு.

உத்தண்டி கைகட்டி நின்றான். "மகாராஜா, அங்கே இரண்டே இனம்தான் இருந்தது. ஓர் இனம் தன் காலால் இறங்கும், தலையில் இருப்பதைத் தானே கழற்றும், தானே குனியும். இன்னோர் இனத்தைப் பிறர் எழுப்புவார்கள், பிறர் குளிப்பாட்டுவார்கள், பிறர் தூக்கி வைப்பார்கள், பிறர் இறக்கி வைப்பார்கள். நான் படிக்காதவன். என் கண்ணில் பட்டதை வைத்து எழுதச் சொன்னேன். இனம் மாறிப்போயிருந்தால், தாங்கள் சிங்காதனத்திலிருந்து இறங்கி வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். இப்போதே அக்கரைக்குப் போய்த் திருத்திவிட்டு வருகிறேன்."

"இதோ வருகிறேன்!" என்று கர்ஜித்தான் ராஜா. கர்ஜித்துக்கொண்டே, எழுந்திருப்பதற்காக இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் நீட்டினான். பக்கத்துக்கு இரண்டு பேராக நான்கு சேவகர்கள் ஓடிவந்து பிடித்தார்கள். ஐந்தாவது ஒருவன் காலடியில் மணையை வைத்தான்.

ராஜா வலப்பக்கம் பார்த்தான். இடப்பக்கம் பார்த்தான். கீழே மணையைப் பார்த்தான். தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது.

முதலில் வயிறு குலுங்கியது. பிறகு தோள். பிறகு அந்த முப்பத்தொன்றும் தெரிய ராஜா சிரித்த சிரிப்பில் சேவகர்கள் பிடியை விட்டுவிட்டார்கள். ராஜா தொப்பென்று சிங்காதனத்திலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். சபையும் சிரித்தது. மந்திரி மட்டும் ஓர் அடி பின்னால் போனான்.

"சரியான இனத்தில்தான் எழுதியிருக்கிறாய்! கேள், என்ன வேண்டும்?"

"ஒரு துண்டு நிலம், மகாராஜா. கடற்கரையிலிருந்து மூன்று நாள் நடையில், மலையடிவாரத்தில்."

"கேட்டால் துறைமுகத்துப் பக்கத்திலேயே தோப்பு தருவேனே! எதற்கு அத்தனை தூரம்?"

"அடுத்த வருஷம் தங்களுக்கு மறுபடியும் கடல் ஆசை வரும், மகாராஜா. என்னைக் கூப்பிட ஆள் விடுவீர்கள். அவன் வந்து சேர மூன்று நாள், நான் வந்து சேர மூன்று நாள். அந்த ஆறு நாளில் தங்களுக்கு வேறு ஆசை வந்திருக்கும்."

ராஜா மறுபடியும் சிரித்தான். நிலத்தையும் கொடுத்தான், உழுவதற்கு இரண்டு ஜோடி மாட்டையும் கொடுத்தான். நல்ல வேளையாக அடுத்த வருஷம் அவனுக்கு மலையேறும் ஆசை எதுவும் வரவில்லை.