ரோசலின் அக்காவின் கரகரப்பு

"நீங்க எதையோ மறைக்கீங்க அக்கா!"

பேச்சி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையிலிருந்த தகர டப்பாவை ரோசலினின் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

ரோசலின் கல்யாண வீட்டுக் கச்சேரிகளில் கிதார் வாசிப்பவள். பேச்சிக்கு அவள்தான் குரு.

டப்பா, பேச்சி தன் கையால் செய்த பெடல். காலால் மிதித்தால் கிதாரின் தெளிந்த சத்தம் கரகரத்து வரும். இது அவள் செய்த ஏழாவது.

"வேலை செய்யலையா?"

"செய்யுது. ஆனா உங்களுது அழுது ஓய்ஞ்ச தொண்டை மாதிரி பேசுது. என்னுது மாவு மில்லு மாதிரி கத்துது."

ரோசலின் சிரித்தாள். பேச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிக்காதீங்க. வெள்ளிக்கிழமை யுனிவர்சிட்டி மேடையில என் சொந்தப் பாட்டு. அந்தச் சத்தம் வரலைன்னா லிஸ்ட்ல இருந்து என் பேரை எடுத்திருவேன். மாவு மில்லைத் தூக்கிட்டு மேடையேற என்னால முடியாது."

ரோசலின் தன் பெடலையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் அவள் பக்கம் தள்ளினாள்.

பேச்சி திறந்து பார்த்தாள். அதே டிரான்சிஸ்டர். அதே கெப்பாசிட்டர். சால்டரிங் மட்டும் அவளுடையதைவிடக் கேவலம்.

"ஒரு வித்தியாசமும் இல்லையே!"

"இல்லையா?"

ரோசலின் இரண்டு டப்பாவிலிருந்தும் பேட்டரியை உருவினாள். இடம் மாற்றி மாட்டினாள். கிதாரை நீட்டினாள்.

பேச்சி தன் பெடலை மிதித்து ஒரு தந்தியைத் தட்டினாள்.

சத்தம் கரகரத்தது. தழுதழுத்தது. மெல்ல அடங்கியது.

அழுது ஓய்ந்த தொண்டை. அவளுடைய டப்பாவிலிருந்து!

அவசரமாக ரோசலினின் பெடலை மிதித்துப் பார்த்தாள்.

மாவு மில்.

"பேட்டரியா? வெறும் பேட்டரியா? இது எந்தக் கடையில கிடைக்கும்?"

"நீ வாங்குத அதே கடைதான். புதுசுல இதுவும் மாவு மில்லுதான் ஏட்டி. வாசிச்சு வாசிச்சுத் தீரப்போகுது. அதான் தொண்டை கம்முது."

"அப்போ என்னுது ஏன் தீரலை?"

"நீ அதுல எவ்வளவு நேரம் வாசிச்ச?"

பேச்சி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

ஒவ்வொரு பெடலும் முடிந்ததும் நாலு தட்டு தட்டிப் பார்ப்பாள். பிடிக்காது. பிரித்துப் போடுவாள். அடுத்த டப்பாவுக்குப் புது பேட்டரி வாங்குவாள்.

அதற்காக விட்டுவிடுவாளா?

"சரி, ஒரு குட்டி பல்பை மாட்டி எரிய விடுதேன். நாளைக்கே பேட்டரி தீர்ந்திரும்லா?"

"தீரும்."

"இதே சத்தம் வரும்லா?"

"வரும்."

"அப்புறம் என்ன?"

ரோசலின் தன் பழைய பேட்டரியை உருவி, தன் பெடலுக்குள் திரும்ப வைத்து மூடினாள்.

"ஒண்ணுமில்ல. வெள்ளிக்கிழமை அந்த பல்பையே மேடையேத்திரு."