மிண்டு

"என் அகராதியை எப்பத்தான் படிப்பீங்க?"

பூவராகன் வாத்தியாருக்கு மூக்குக்கு மேல் கோபம். செருப்பைக் கழற்றக்கூடப் பொறுமையில்லாமல் மடத்துக் கொல்லைக்குள் நுழைந்துவிட்டார்.

அவருடைய குரு நாகம்மை, வயதில் அவரைவிடப் பத்து வருஷம் இளையவர், விறகு பிளந்துகொண்டிருந்தார். புளியங்கட்டையின் வெடிப்பில் ஆப்பை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி ஒரு போடு போட்டார்.

"பதினோரு வருஷம்! கப்பி, ஆப்பு, திருகு, நெம்புகோல்னு அன்றாடம் புழங்குற கருவிகளுக்கு ஊர் ஊரா அலைஞ்சு விசித்திரமான பேரெல்லாம் சேர்த்தேன். உங்க ஒரு வார்த்தைக்காக அச்சாபீசுக்குக் குடுக்காம வச்சிருக்கேன். நீங்க அட்டையைக்கூடத் திருப்பலை. நான் என்ன இளிச்சவாயனா?"

அம்மை ஆப்பை இன்னும் ஆழமாக இறக்கினார். வாத்தியார் நிறுத்துவதாக இல்லை. மடத்துச் சோற்றைத் திட்டினார், மற்ற சீடர்களைத் திட்டினார், தன் தலையெழுத்தையும் விடவில்லை. கட்டை இரண்டாகி, இரண்டு நான்காகி, ஒரு சுமை விறகே சேர்ந்துவிட்டது.

மூச்சு வாங்கிய பிறகுதான் பையிலிருந்து நோட்டை எடுத்தார். முகம் மலர்ந்தது.

"இதையாவது கேளுங்க. மிண்டு! பழைய அகராதியில பார்த்த சொல்லு. ஒருத்தர் வாயாலயும் கேட்டதில்லை. இன்னிக்கு வர்ற வழியில கேட்டேன்."

"யார் சொன்னது?"

"ஒரு வண்டிக்காரன். வாய்க்கால்ல வண்டி குடை சாஞ்சு கிடந்துச்சு. 'சாமி, ஒரு மிண்டு குடுங்க'ன்னு கத்தினான். எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. ரெண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னேன்."

"அர்த்தம் கேட்டீங்களா?"

"கேக்காம விடுவேனா? கட்டையை அடியில குடுத்து நெம்பித் தூக்குறதாம். ஒத்தை ஆளால முடியாதாம். அழுதுக்கிட்டே சொன்னான்."

சம்மட்டி பாதியில் நின்றது.

"எதுக்கு அழுதான்?"

"மாடு ஒண்ணு நுகத்தடிக்கு அடியில, கழுத்து மாட்டி..."

வாத்தியார் நோட்டை மூடினார்.

அம்மையின் கண்கள் சிவந்துவிட்டன. சுவரோரம் கிடந்த கடப்பாரையை எடுத்து அவர் நெஞ்சில் மோதுகிறாற்போல் நீட்டினார். "நடங்கய்யா முன்னால!"

இருவரும் ஓடினார்கள். வரப்பில் இரண்டு இடத்தில் வாத்தியாருக்குக் கால் இடறியது.

"அம்மா, உசிரோட இருக்குமா?"

"நீங்க மடத்துக்கு வந்து எவ்வளவு நேரமாச்சு?"