நேற்றைய டோக்கன்

ஆஸ்பத்திரி வாசல் வண்டி ஸ்டாண்டைக் குத்தகைக்கு எடுத்த வரதப்பனுக்கு, ஊரையே குத்தகைக்கு எடுத்துவிட்ட நினைப்பு.

கீரை விற்கும் பொன்னாயி மொபெட்டை நிறுத்திவிட்டு, அப்பனுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு பத்தே நிமிடத்தில் ஓடிவந்தாள்.

"டோக்கன்ல நேத்துத் தேதி. ரெண்டு நாளுக்கு அபராதத்தோட இருநூறு எடு. இல்லேன்னா வண்டி நகராது."

"நேத்து மிஞ்சின டோக்கனை நீங்கதானேய்யா இப்பக் கிழிச்சுக் குடுத்தீங்க?"

"நேத்துலேர்ந்து இந்த வண்டி இங்கேதான் நிக்குது. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!"

பொன்னாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பணிவாகவே கேட்டாள். "சத்தியமாவா?"

"சத்தியமா!"

"அப்ப இந்தச் சைலன்சர் மேல கைய வெச்சுச் சொல்லுங்க."

நாலு பேர் பார்க்கிறார்களே என்று வீராப்பாக வைத்தார். "ஐயோ!" என்று துள்ளினார்.

ஒரு நாள் கட்டணம் பத்து ரூபாயை மேசையில் வைத்துவிட்டுப் பொன்னாயி வண்டியைத் தள்ளினாள்.

"நேத்துச் சூடுங்க. இன்னும் ஆறலை போல."